வீட்டுக்குள் விஞ்ஞானம்: 'கரண்ட்' என்ற ஒரு சொல்லுக்குள் நான்கு



வால்டோர்ஃபிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் புதிதாக வீடு எடுத்துக் குடியேறிய குடும்பங்களிடமிருந்து நமக்கு வரும் கேள்விகளில் பல மின்சாரம் பற்றியவை. "வருட முடிவில் இவ்வளவு காசு எப்படி வந்தது?" என்கிறார் ஒருவர். "கனடாவிலிருந்து மச்சாள் கொண்டுவந்த றைஸ் குக்கரை இங்கே போடலாமா?" என்கிறார் இன்னொருவர். "ஊரில் பத்து வருடம் வயறிங் செய்தவன் நான். இங்கே என் வீட்டு அடுப்பை நானே பூட்டினால் என்ன?" என்பது மூன்றாவது. மூன்றும் வேறு வேறு கேள்விகள் போலத் தோன்றினாலும் வேர் ஒன்றுதான். ஆகவே இம்முறை வேரிலிருந்தே தொடங்குவோம்.

நாம் ஊரில் பேசும்போது எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான்: கரண்ட். "கரண்ட் காணாது, லைற் மங்கி எரியுது" என்போம். "அவனுக்குக் கரண்ட் அடிச்சுப் போட்டுது" என்போம். "இந்த அயன்பெட்டி கரண்ட் கூட இழுக்கும்" என்போம். "கரண்ட் காசு கட்டவேணும்" என்போம். இந்த நான்கு வாக்கியங்களிலும் வருவது நான்கு வேறு வேறு பொருள்கள். முதலாவது அழுத்தம், அதை வோல்ற்றில் அளக்கிறோம். இரண்டாவது ஓட்டம், அது அம்பியர். மூன்றாவது வலு, அது வாற். நான்காவது சக்தி, அது கிலோவாற் மணி. (இந்தியப் பாடப்புத்தகம் வைத்திருக்கும் பிள்ளைகள் வலுவைத் திறன் என்றும் சக்தியை ஆற்றல் என்றும் படிப்பார்கள். பொருள் ஒன்றே.) ஜேர்மன்காரரும் பேச்சில் எல்லாவற்றையும் ஷ்ட்ரோம் என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் எழுத்தில், அதாவது பொருட்களின் பின்புறத் தகட்டிலும் வீட்டுக்கு வரும் பற்றுச்சீட்டிலும், ஸ்பானுங், ஷ்ட்ரோம், லைஸ்டுங், எனர்கீ என்று பிரித்தே போடுவார்கள். அந்தப் பிரிவு தெரியாவிட்டால் தகட்டையும் வாசிக்க முடியாது, சீட்டையும் வாசிக்க முடியாது.

தோட்டத்துக்கு இறைத்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது சுலபம். தண்ணீர்த் தாங்கி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அந்த உயரம்தான் வோல்ற். வாய்க்காலில் ஒரு செக்கனுக்கு ஓடுகிற தண்ணீரின் அளவு அம்பியர். வாய்க்கால் ஒடுங்கியிருந்தாலோ புல் அடைத்திருந்தாலோ ஏற்படும் தடங்கல்தான் தடை, அதன் அளவு ஓம், டொச்சில் விடர்ஷ்டாண்ட். உயரம் கூடினால் ஓட்டம் கூடும், தடங்கல் கூடினால் ஓட்டம் குறையும். இதைக் கணக்காக எழுதி 1827இல் புத்தகமாக வெளியிட்டவர் கேயோர்க் சிமோன் ஓம். எர்லாங்கனில் ஒரு பூட்டுத் தொழிலாளியின் மகனாகப் பிறந்து, கேல்ன் நகரில் பள்ளிக்கூட ஆசிரியராக இருந்தவர். வோல்ற்றைத் தடையால் வகுத்தால் அம்பியர். வோல்ற்றை அம்பியரால் பெருக்கினால் வாற். வீட்டுத் தேவைக்கு இந்த இரண்டு கணக்கும் போதும்.

இங்கே சுவரிலுள்ள ஷ்டெக்டோஸவில் இருப்பது 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். ஹேர்ட்ஸ் என்பது ஒரு செக்கனுக்கு மின்னோட்டம் எத்தனை தடவை முன்னும் பின்னுமாகச் சுழல்கிறது என்பதன் அளவு. அந்தப் பெயருக்குரிய ஹைன்ரிஹ் ஹேர்ட்ஸ், வானொலி அலைகள் உண்மையிலேயே உண்டு என்று பரிசோதனையில் காட்டியது நமக்குத் தெற்கே உள்ள கார்ல்ஸ்றூவவில், 1886க்கும் 1888க்கும் இடையில். 36 வயதில் இறந்துவிட்டார்.

இலங்கையிலும் இந்தியாவிலும் இதே 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ்தான். ஆகவே ஊரிலிருந்து கொண்டுவந்த கிரைண்டரும் மிக்சியும் பிளக்கை மாற்றினால் இங்கே வேலை செய்யும். கனடாவில் 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். மச்சாளின் குக்கர் அங்கே 700 வாற் இழுக்கிறது என்று வையுங்கள். இங்கே அதைச் செருகினால் அழுத்தம் ஏறத்தாழ இரண்டு மடங்கு. தடை மாறாததால் ஓட்டமும் இரண்டு மடங்கு. இரண்டையும் பெருக்கினால் வலு நான்கு மடங்கை நெருங்கும். கணக்குப் போட்டால் 2500 வாற்றுக்கு மேல். சோறு வேகுவதற்கு முன் குக்கர் வெந்துவிடும். தொலைபேசிச் சார்ஜர் அப்படியல்ல. அதன் தகட்டில் 100-240 வோல்ற் என்று போட்டிருந்தால் எந்த நாட்டிலும் பாவிக்கலாம்.

அதே தகட்டில் இரண்டு அடையாளங்களைக் காண்பீர்கள். உள்ளே போகும் பக்கத்தில் அலை போன்ற ஒரு கோடு: அது ஆடலோட்டம். வெளியே வரும் பக்கத்தில் ஒரு நேர்கோடும் அதன் கீழே மூன்று சிறு கோடுகளும்: அது நேரோட்டம். 1990இல் போர் மீண்டும் தொடங்கி யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றுபோய், பற்றரிக்கும் தடை வந்த காலத்தை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டோம். டைனமோ தருவது ஆடலோட்டம். றேடியோ கேட்பது நேரோட்டம். நடுவில் ஓட்டத்தை ஒரு பக்கம் மட்டும் போகவிடும் டயோட்டுகளும், மேடு பள்ளத்தை நிரவும் ஒரு கொள்ளளவியும் வேண்டும். இன்று உங்கள் கையிலுள்ள சார்ஜருக்குள் இருப்பவற்றிலும் அதே இரண்டு பொருட்கள் உண்டு. அன்று இதைக் கூடத்து நிலத்தில் இருந்து பற்றவைத்துக் கொடுத்த பெடியன்களுக்கு யாரும் சான்றிதழ் கொடுக்கவில்லை.

இனி ஆபத்தான பகுதிக்கு வருவோம். புதிய வீடுகளில் பொதுவாகக் காண்பது ஒரு ஷ்டெக்டோஸவில் ஒரு நீட்டு வயர், அதன் நுனியில் ஐந்து ஆறு துளைகளுள்ள பலகை, அதில் எல்லாம். குளிர் காலத்தில் 2000 வாற் மின் ஹீற்றர் ஒன்றும் அதிலேயே. 2000ஐ 230ஆல் வகுத்தால் 8.7 அம்பியர். அதே பலகையில் 2000 வாற் கேத்தலையும் போட்டால் மொத்தம் 17.4 அம்பியர். அந்தப் பலகையும் சுவரிலுள்ள ஷ்டெக்டோஸவும் அதிகபட்சம் 16 அம்பியருக்குச் செய்யப்பட்டவை.

"அளவு மிஞ்சினால் சிக்கருங் விழுந்துவிடும்தானே" என்று நீங்கள் கேட்கலாம். உடனே விழாது. 16 அம்பியர் சிக்கருங் 17.4 அம்பியரை ஒரு மணித்தியாலத்துக்கு மேலும் தாங்கி நிற்கும்படியே செய்யப்பட்டிருக்கிறது. அதைவிட மோசம், அளவு மிஞ்சாமலே தீப்பிடிக்கக்கூடிய இன்னொரு வழி உண்டு. பழைய பலகையில் பிளக்கின் கம்பி தளர்ந்து, அந்த ஓர் இடத்தில் 0.1 ஓம் தடை வந்துவிட்டது என்று வையுங்கள். மிகச் சிறிய தடைதான். ஆனால் 16 அம்பியர் ஓடும்போது அங்கே உண்டாகும் சூடு, ஓட்டத்தை ஓட்டத்தாலேயே பெருக்கி, மீண்டும் தடையால் பெருக்கினால் வருவது: 25.6 வாற். ஒரு சிறிய ஈயப் பற்றுக்கோலின் சூடு, பிளாஸ்ரிக்கின் உள்ளே, கட்டிலுக்குக் கீழே, இரவு முழுவதும். சிக்கருங்குக்கு இது தெரியவே தெரியாது. அதன் கணக்கில் எல்லாம் சரியாகவே இருக்கிறது. பிளக்கைத் தொட்டுப் பார்க்கும்போது இளஞ்சூட்டுக்கு மேல் சுட்டால், நிறம் மாறியிருந்தால், மணம் வந்தால் அந்தப் பலகை குப்பைக்கு. ஹீற்றருக்கு எப்போதும் சுவரிலுள்ள ஷ்டெக்டோஸதான். வயர் உருளை வைத்திருப்பவர்கள் அதில் இரண்டு வாற் அளவுகள் எழுதியிருப்பதைப் பாருங்கள். சிறிய எண் சுருட்டிய நிலைக்கு, பெரிய எண் முழுவதும் விரித்த நிலைக்கு. சுருட்டிய வயரில் சூடு வெளியேற வழியில்லை.

சூடு ஓட்டத்தின் வர்க்கமாகக் கூடும் என்ற இந்தக் கணக்கின் மறுபக்கம்தான் வயல்வெளிகளில் நாம் காணும் உயர்ந்த மின்கோபுரங்கள். அழுத்தத்தைக் கூட்டினால் அதே வலுவைக் குறைந்த ஓட்டத்தில் அனுப்பலாம், வழியில் இழப்பும் குறையும். இதை உலகத்துக்குக் காட்டியது நம் நெக்கர் ஆற்றங்கரைதான். 1891இல் லௌஃபன் என்ற ஊரிலிருந்து பிராங்ஃபுர்ட் கண்காட்சிக்கு, ஏறத்தாழ 175 கிலோமீற்றர் தூரம், 15,000 வோல்ற் அளவில் மூன்று கட்ட மின்சாரத்தைக் கொண்டுபோனார்கள். அனுப்பியதில் ஏறத்தாழ முக்கால் பங்கு போய்ச் சேர்ந்தது.

மனித உடலும் ஒரு தடைதான். ஏறத்தாழ 1000 ஓம் என்று வைத்துக்கொள்ளலாம். கை ஈரமானால் இன்னும் குறையும். 230 வோல்ற்றை 1000ஆல் வகுத்தால் 0.23 அம்பியர், அதாவது 230 மில்லி அம்பியர். பத்து மில்லி அம்பியர் அளவிலேயே பிடித்த கையை விட முடியாமல் தசை இறுகிவிடும். முப்பதுக்கு மேல் இதயத்தின் துடிப்புக் குழம்பும் ஆபத்துத் தொடங்குகிறது. 16 அம்பியருக்கே அசையாத சிக்கருங், இந்த 0.23 அம்பியரைக் கண்டுகொள்ளாது. சிக்கருங் காப்பாற்றுவது வயரை, ஆளை அல்ல. இதை வீட்டிலுள்ள எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

ஆளைக் காப்பாற்றுவது வேறொரு பெட்டி. சிக்கருங் பெட்டியைத் திறந்தால், மற்றவற்றைவிட அகலமாய், டி என்ற எழுத்துள்ள சிறு பொத்தானோடு ஒன்று இருக்கும். அதன் பெயர் எஃப்-ஈ ஷால்டர். அது வேலை செய்யும் விதம் அழகானது. நமக்கு 15 கிலோமீற்றருக்குள் இருக்கிற ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் 1854 முதல் 1875 வரை பேராசிரியராக இருந்தவர் குஸ்டாவ் கிர்ச்சோஃப். அவர் 1845இல், இருபத்தொரு வயது மாணவனாக, கேனிக்ஸ்பெர்க்கில் இருந்தபோது சொன்ன விதி ஒன்று உண்டு: ஒரு சந்திக்கு வரும் ஓட்டமும் அங்கிருந்து போகும் ஓட்டமும் சமம். வாய்க்கால் காவல்காரனுக்கும் தெரிந்த விடயம்தான். விட்ட தண்ணீர் அவ்வளவும் திரும்பிவரவில்லையென்றால் எங்கோ உடைப்பு. எஃப்-ஈ ஷால்டர் அந்தக் காவல்காரன். வீட்டுக்குள் போகும் ஓட்டத்தையும் திரும்பிவரும் ஓட்டத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. 30 மில்லி அம்பியர் குறைந்தால், அது யாரோ ஒருவரின் உடல் வழியே நிலத்துக்குப் போகிறது என்று எடுத்துக்கொண்டு 0.3 செக்கனுக்குள் எல்லாவற்றையும் நிறுத்திவிடும்.

அதே விதி அதன் எல்லையையும் காட்டுகிறது. ஒரு கையால் ஒரு வயரையும் மறு கையால் மற்ற வயரையும் பிடித்தால், போன ஓட்டம் முழுவதும் உடல் வழியாகத் திரும்பிவந்துவிடும். குறைவு இல்லை. காவல்காரன் அசையமாட்டான். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை டி பொத்தானை அமத்திப் பாருங்கள், விழவேண்டும். பழைய வீடுகளில் இந்தப் பெட்டி இல்லாமலே இருக்கலாம். அப்படியானால் குளியலறையில் தலைமயிர் உலர்த்தியைப் பாவிக்க வேண்டாம். பொருத்தித் தரும்படி வீட்டுச் சொந்தக்காரரிடம் எழுத்தில் கேளுங்கள்.

இப்போது வயறிங் அண்ணாவின் கேள்வி. அவருடைய கைத்திறனில் நமக்குச் சந்தேகம் இல்லை. பயம் அவருடைய கண்ணில்தான். ஊரில் நீண்ட காலம் இருந்த பிரித்தானிய முறையில் சிவப்பு உயிர் வயர், கறுப்பு நியூட்ரல், பச்சை ஏர்த். இங்கே கறுப்பும் மண்ணிறமும் சாம்பலும் உயிர் வயர்கள், நீலம் நியூட்ரல், பச்சையும் மஞ்சளும் சேர்ந்தது ஏர்த். ஊரில் பழகிய கண்ணுக்குக் கறுப்பைக் கண்டால் 'நியூட்ரல்தானே' என்று கை போகும். போகிற இடம் 230 வோல்ற். அத்தோடு முடியவில்லை: 1965க்கு முன் வயர் இழுத்த ஜேர்மன் வீடுகளில் சிவப்புத்தான் ஏர்த், சாம்பல்தான் நியூட்ரல். ஒரே சுவருக்குள் பழைய வயரும் புதிய வயரும் கலந்திருப்பதும் உண்டு.

இன்னொன்று. ஊரில் பிளக்கை ஒரு பக்கமாகத்தான் செருகலாம், சுவரிலேயே சுவிச்சும் இருக்கும். இங்கேயுள்ள ஷூக்கோ பிளக்கை இரண்டு பக்கமாகவும் செருகலாம், சுவரில் சுவிச் இல்லை. ஆகவே மேசை விளக்கைச் சுவிச்சில் நிறுத்தினாலும், பிளக் செருகியிருக்கும் பக்கத்தைப் பொறுத்துக் குமிழ் பூட்டும் இடத்தில் 230 வோல்ற் அப்படியே நிற்கலாம். குமிழ் மாற்றும்போது பிளக்கைக் கழற்றிவிட்டே மாற்றுங்கள்.

நிறத்தை நம்ப முடியாது என்றால் எதை நம்புவது? அளவை. ஆனால் எதனால் அளப்பது என்பதிலும் கவனம் வேண்டும். ஊரில் ஒவ்வொருவரும் சட்டைப்பையில் வைத்திருந்த, நுனியில் சிவப்பு வெளிச்சம் வரும் ரெஸ்ரர் திருப்புளியை இங்கத்தைய மின் தொழிலாளர்கள் 'பொய்க்கோல்' என்று பொருள்படும் லூகன்ஷ்டிஃப்ட் என்ற பட்டப்பெயரால் அழைக்கிறார்கள். அதில் வெளிச்சம் வர உங்கள் உடல் வழியாக ஒரு சிறு ஓட்டம் நிலத்துக்குப் போகவேண்டும். தடித்த இறப்பர்ச் செருப்போடு மர ஏணியில் நின்றால் மின் இருந்தும் எரியாது. நல்ல வெயிலில் எரிந்தாலும் தெரியாது. இரண்டு நுனியுள்ள மின்னழுத்தச் சோதனிதான் இங்கே பாவனையில் உள்ளது. தொழிலாளர் அதை டுஸ்போல் என்பார்கள். மின் இருப்பது நிச்சயமான ஓரிடத்தில் முதலில் அதைச் சோதித்து, பிறகு வேலை செய்யும் இடத்தில் சோதித்து, மறுபடி முதல் இடத்தில் சோதிப்பது நல்ல பழக்கம்.

பிள்ளைகளுக்கு மல்ரிமீற்றர் வாங்கிக் கொடுக்கும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. வோல்ற்றை இரண்டு முனைகளுக்குக் குறுக்கே வைத்து அளக்க வேண்டும். அம்பியரைப் பாதையை வெட்டி நடுவில் வைத்து அளக்க வேண்டும். அம்பியர் அளக்கும் துளையில் தடை ஏறத்தாழ இல்லை. வயரை அந்தத் துளையில் விட்டபடி ஷ்டெக்டோஸவுக்குள் நுனியை வைத்தால், வெறும் கம்பியை வைத்ததற்குச் சமம். கருவி கையிலேயே வெடிக்கலாம். பற்றரியிலும் டைனமோவிலும் அளந்து பழகட்டும். சுவர் வேண்டாம்.

அடுப்பு விடயத்தில் நாம் விட்டுக்கொடுக்க மாட்டோம். இங்கே வாடகை வீடு பல இடங்களில் வெறும் குசினியாகவே கிடைக்கும். அடுப்பை நாம்தான் வாங்கவேண்டும். அது பூட்டப்படும் இடத்தில் பொதுவாக மூன்று உயிர் வயர்கள் வரும். அவற்றில் ஏதாவது இரண்டுக்கு இடையில் 230 அல்ல, 400 வோல்ற். நியூட்ரலை மாற்றிப் பூட்டினால் அடுப்பு போகும், சில வேளை வீடும் போகும். சட்டமும் இதில் தெளிவு: வீட்டின் மின் அமைப்பில் வேலை செய்ய, மின்வலைய நிறுவனத்தில் பதிந்த தொழில் நிலையங்களுக்கே உரிமை. பிறகு ஏதும் நடந்தால் காப்புறுதிக்காரர் முதலில் கேட்பது யார் பூட்டியது என்பதைத்தான். பூட்டியவரின் பற்றுச்சீட்டைக் கவனமாக வைத்திருங்கள்.

அண்ணாவின் பத்து வருட வேலை வீண் என்று யாரும் நினைக்கவேண்டாம். வெளிநாட்டுத் தொழிற்தகைமையை மதிப்பிடும் சட்டம் 2012இலிருந்து இங்கே உண்டு. நம் பகுதிக்குரிய கைத்தொழிற் சபை, ஹான்ட்வேர்க்ஸ்காமர், மன்ஹைமில் இருக்கிறது. ஊரில் படித்த தொழிற்கல்விச் சான்றிதழும் வேலை செய்த இடத்துக் கடிதமும் இருந்தால் மொழிபெயர்த்துக் கொண்டுபோய்க் காட்டுங்கள். பள்ளி முடிக்கும் பிள்ளைகளுக்கு வீட்டு மின்தொழில் பயிற்சி மூன்றரை ஆண்டுகள். பயிற்சிக் காலத்திலேயே சம்பளம் உண்டு.

கடைசியாக அந்த வருட முடிவுக் காசு. மாதாமாதம் கட்டுவது முற்பணம் மட்டுமே. வருடத்துக்கு ஒரு தடவை மீற்றரை வாசித்து மிகுதி கேட்பார்கள், அதுதான் நாஹ்ட்ஸாலுங். ஒரு கிலோவாற் மணிக்குக் கடந்த சில ஆண்டுகளில் 30 முதல் 40 சதம் வரை போகிறது. 2000 வாற் ஹீற்றர் நாளுக்கு 8 மணித்தியாலம் எரிந்தால் 16 கிலோவாற் மணி. 35 சதப்படி 5 யூரோ 60 சதம். 30 நாளுக்கு 168 யூரோ. கேள்வி கேட்டவரின் வீட்டில் இரண்டு ஹீற்றர்கள். வீடு எடுக்கும் நாளிலேயே மீற்றரிலுள்ள இலக்கத்தைக் குறித்து, கையளிப்புப் பத்திரத்தில் எழுதுவித்து, படமும் எடுத்து வையுங்கள். முன்னிருந்தவரின் பாவனை உங்கள் தலையில் வராது. நீங்களாக ஒரு நிறுவனத்தைத் தெரியாவிட்டால் அடிப்படை விநியோகத்தில் தானாகச் சேர்க்கப்படுவீர்கள். அது பெரும்பாலும் விலை கூடியது. இரண்டு கிழமை முன்னறிவித்தலோடு விலகலாம்.

பிள்ளைகளுக்கு இம்மாதக் கணக்கு: நிலவறையில் சுழலும் தட்டுள்ள பழைய மீற்றர் இருந்தால் (பெட்டியைத் திறக்க வேண்டாம், கண்ணாடியால் பார்த்தால் போதும்) அதில் ஒரு கிலோவாற் மணிக்கு எத்தனை சுற்று என்று எழுதியிருக்கும். 75 என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் மற்றவை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் கேத்தலை மட்டும் போட்டபோது, தட்டிலுள்ள சிவப்புக் கோடு ஒரு சுற்று வர 24 செக்கன் எடுத்தது. கேத்தல் எத்தனை வாற்? தகட்டிலுள்ள எண்ணோடு ஒத்துப்போகிறதா? விடைகளை வழமைபோல் நம் முகவரிக்கு, வகுப்பையும் குறிப்பிட்டு அனுப்பிவையுங்கள்.